எங்கள் வீட்டின் முதல் பர்மனென்ட்

பாதிப் பேச்சில் எழுந்து போன என் சம்மந்தி கலைக்கு,

உன் அண்ணன் உன்னைச் சாகவிட்டார்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதையெல்லாம் போன வருஷமே கிழித்துப் போட்டாயிற்று. இப்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நிதானமாக எழுதுகிறேன். எல்லாரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் அண்ணன் ரமேஷும் படிப்பார்.

படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் நீயும் நானும் ஒரே பெஞ்ச். உனக்குப் பெண் பிறந்தால், எனக்குப் பையன் பிறந்தால், இரண்டுக்கும் கட்டிவைத்துவிடுவது என்று ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிவு செய்தோம். அன்றிலிருந்து நீயும் சம்மந்தி, நானும் சம்மந்தி. நம் இரண்டு வீட்டுச் சாதியும் தெரிந்தவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. அதனாலேயே உன் மாமாக்கள் வந்திருக்கும்போது வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுவாய்: “சம்மந்தி, உள்ள வாங்க, காப்பி குடிங்க.”

நம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே ஊர்தான். அந்த ஊர் இப்போது நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருக்கிறது. உன் தாத்தாவுக்கு நிலம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டதற்கு உன் அப்பாவுக்குப் பர்மனென்ட் வேலை கிடைத்தது, உங்களுக்கு ஒரு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வந்தது. அதே நிலத்தில் நாற்று நட்டவர்கள் என் வீட்டார். எங்கள் பெயரில் ஒரு காணி நிலமும் இருந்ததில்லை. என் அப்பா இன்றைக்கும் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட்தான். நம் ஊரில் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்பார்களே, “பர்மனென்டா, கான்ட்ராக்டா?” என்று, அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே பதில்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் உன் காலில் நீலம் நீலமாகத் திட்டு வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டாய் என்று நினைத்தோம். அப்புறம் பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள்: எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்திவிட்டது. அதுவரை மஜ்ஜை என்றால் ஆட்டுக் காலில் உறிஞ்சுவது என்று மட்டும் தெரிந்த நாம், அதற்குள் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறது, மற்ற ரத்த அணுக்கள் எல்லாம் அது போட்டவைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

உனக்கு ரத்தம் ஏற்ற ஏற்றத் தீர்ந்துகொண்டே இருந்தது. உன் சொந்தக்காரப் பையன்கள் முதல் வாரம் வந்தார்கள், பிறகு அவர்களுக்குப் பரீட்சை வந்துவிட்டது. அடுத்து வந்தவர்கள் எங்கள் தெருப் பையன்கள். எங்கள் தெருவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத உன் பெரிய மாமா, அவர்களை ஏற்றிக்கொண்டு போக வேன் பிடித்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் நின்றார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ படுக்கையில் கிடந்தபடி கேட்டாய். “மாமா, இப்ப எனக்குள்ள ஓடறது யாரு ரத்தம்? நான் வூட்டுக்குள்ள வரலாமா, வாசல்லயே நிக்கணுமா?” அவர் பழம் வாங்கி வருகிறேன் என்று கீழே போனவர், பழத்தோடு திரும்பி வரவே இல்லை.

பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னாய். “உங்க தெரு ரத்தம் கான்ட்ராக்ட் சம்மந்தி. வந்து கொஞ்ச நாள் வேல பாக்குது, அப்புறம் கேட்டுக்கு வெளிய. எனக்கு பர்மனென்ட் வேணும்னா அண்ணன்கிட்டதான் கேக்கணும்.”

டாக்டர் அதைத்தான் தன் பாஷையில் சொல்லியிருந்தார். ஏற்றும் ரத்தம் சில வாரங்களுக்கு ஓடும். ஸ்டெம் செல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் அதுவே ரத்தம் செய்ய ஆரம்பித்துவிடும். கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் முழுசாகப் பொருந்தும் என்றார். உன் அண்ணனுக்கு முழுசாகப் பொருந்தியது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். பிழைத்துவிட்டாய் என்று நான் நினைத்தேன்.

உன் அண்ணனுக்குப் பண்ருட்டியில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை யார் முதலில் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எலும்பில் துளை போட்ட மாப்பிள்ளை என்பார்கள், இடுப்பு நிற்காது என்பார்கள், பிள்ளை பிறக்காது என்பார்கள். கல்யாணம் முடியட்டும், ஒரு மாசத்தில் என்ன ஆகிவிடும். ஐப்பசியில் மண்டபம் கிடைக்கவில்லை, கார்த்திகையில் பெண்ணின் தாய்மாமன் ஊரில் இல்லை, மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. தை பிறந்ததும் முதல் முகூர்த்தம் என்று முடிவானது. டாக்டர் காத்திருக்க முடியாது என்றார். உன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

மார்கழியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

அவர் கொடுத்திருந்தால் நீ நிச்சயம் பிழைத்திருப்பாய் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அது எனக்கும் தெரியும். உள்ளே போன செல்லை உடம்பு தள்ளிவிடலாம், செல்லே உடம்போடு சண்டைக்கு நிற்கலாம். ஆனால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த வாய்ப்பு உன்னுடையது. அதை உன்னைக் கேட்காமலேயே தள்ளிப்போட்டார்கள். உன் சாவு வீட்டில் எல்லாரும் விதி விதி என்றார்கள். இந்த விதிக்கு முகூர்த்தம் பார்த்துக் கொடுத்தது யார் என்று கேட்க வாய் வந்தது. உன் அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். நல்ல சேதி.

அடுத்த வருஷம் நம் கல்லூரிக்கு ஸ்டெம் செல் கொடையாளர் பதிவு என்று சொல்லி நாலு பேர் வந்தார்கள். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். முன்பின் தெரியாத யாருக்காவது பொருந்தினால் கூப்பிடுவோம், பல பேருக்கு அழைப்பே வராது என்றார்கள். என்னை விட்டுப் போன உன்மேல் இருந்த ஆத்திரத்தில் கொடுத்துவிட்டு மறந்துபோனேன். படிப்பு முடிந்தது, அனல்மின் நிலைய ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. கான்ட்ராக்ட்தான், வேறு என்ன.

போன வருஷம் ஒரு பெண் போன் செய்தாள். ஒருவருக்கு என்னுடையது பொருந்துகிறதாம். இன்னும் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா சத்தம் போட்டாள், அது தெரிந்த விஷயம். அப்பா எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கிற போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷிப்டுக்குப் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை, சாப்பாட்டில் பாதி மீதி. பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, எவ்ளோ ப்ரஷர்ல வுடுவாங்க?”

“எதப்பா?”

“அதான், நீ சொன்னியே. ஸ்டீம் செல்லு.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பாய்லர் பக்கத்தில் எத்தனையோ வருஷம் துடைப்பமும் மண்வெட்டியும் பிடித்த மனிதர். நீராவிக் குழாயில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் பக்கத்தில் போகாதே என்று பாய்லர் பக்கம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அப்பாவின் முழங்கையில் இருக்கும் வெள்ளைத் தழும்பு உனக்குத் தெரியும். மகளுக்குள் ஸ்டீம் ஏற்றப் போகிறார்கள் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கேட்கவும் பயம், தடுக்கவும் தயக்கம்.

நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். விளக்கிச் சொன்னதும் அவளும் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “பேரு வெக்கிறவன் பாத்து வெக்கறதில்லையா? அனல்மின் நிலையம் இருக்கிற ஊருல வந்து ஸ்டீமு கீமுன்னு சொல்லிக்கினு.” அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அம்மாவைச் சமாளிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். “கல்யாணம் ஆவாத பொண்ணு உடம்புல கத்தி வெச்சிக்கினு வந்து நின்னா எவன்டி கட்டுவான்? அவங்களுக்குத் தெரியாம செய்யறதுன்னா செய்யி.” தெரியாமல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உன் வீட்டுக் கூடம்தான் ஞாபகம் வந்தது. நானே அந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவமனைக்குக் கிளம்பப் பை கட்டி வைத்த பிறகு அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டாள். என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம் என்கிற உட்கார்தல். அந்த நேரம் பார்த்து போன் செய்தாள் பதிவுக்காரப் பெண். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“மேடம், அங்க பேஷன்ட்டுக்கு மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. அவரோட பழைய மஜ்ஜைய முழுசா அழிச்சுட்டுதான் உங்களோடத ஏத்துவாங்க. இனிமே நீங்க வரலேன்னா அவருக்குத் திரும்ப வழி இல்ல. அதான் ஒரு தடவ கேட்டுடலாம்னு. கெளம்பிட்டீங்கல்ல?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“எவளோ பெத்தது அங்க ரத்தமில்லாம மல்லாந்து கெடக்குது, நீ என்னாடி மூஞ்சப் பாத்துக்கினு நிக்கற? கெளம்பு.” பிறகு போனைப் பார்த்துக் கத்தினாள். “வருதும்மா, எம்பொண்ணு வருது. அவுங்ககிட்ட சொல்லு.”

கலை, அங்கே என்ன நடந்தது என்று உனக்கு நுணுக்கமாகச் சொல்லவேண்டும். எலும்பைத் துளைக்கவில்லை. சில நாட்கள் தினமும் ஒரு ஊசி, சர்க்கரை நோய்க்காரர்கள் போட்டுக்கொள்வதுபோலத் தோலுக்கு அடியில். அது மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குள் இறக்கிவிடும். இடுப்பும் முதுகும் வலித்தன. நாள் முழுக்கக் களை எடுத்தால் வலிக்குமே, அப்படி. காய்ச்சல் வருவதுபோல இருந்தது, வரவில்லை. கடைசி நாள் ஒரு கட்டிலில் படுக்கவைத்து, ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து இயந்திரத்துக்குள் விட்டு, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மீதியை அடுத்த கை வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. கூட வந்திருந்த அப்பா கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

“சிஸ்டர், இதுல ஸ்டீமு எங்கியும் வராதில்ல?”

“ஸ்டீமா? அதெல்லாம் எதுக்குங்கய்யா?”

“இல்லம்மா, ஒரு வாட்டி கேட்டுக்கறது நல்லது.”

பையில் சேர்ந்தது ரோஜா நிறத்தில், கொஞ்சமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் விமானத்துக்கு ஓடினார். நான் இட்லி சாப்பிட்டேன். அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். உடம்பு தானாகவே ஈடு கட்டிக்கொண்டது.

படுத்துக்கொண்டு கையில் ஊசியோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. அதுவரை உன் அண்ணனுக்காக மனதின் ஒரு மூலையில் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பெரிய ஆபரேஷனாக இருக்கும், உயிர்ப் பயம் இருந்திருக்கும், நமக்கு என்ன தெரியும் என்று. இப்போது எனக்குத் தெரியும். ஒரு முதுகுவலி, வந்தும் வராத ஒரு காய்ச்சல், ஒரு பகல் பொழுது. இதற்குத்தான் உன்னைத் தைக்குத் தள்ளிப்போட்டார்கள். எலும்பில் ஊசி போட்டே எடுத்திருந்தாலும் மயக்கத்தில் எடுப்பார்கள், சில நாள் வலி இருக்கும், அவ்வளவுதான். அங்கிருந்த டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளை பிறக்குமா என்றும் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அன்றைக்கு உன் வீட்டில் ஒருவர் இதை ஒரு டாக்டரிடம் கேட்டிருந்தால் போதும்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடியும் போன் செய்தாள். செல் உள்ளே உட்கார்ந்துவிட்டது, ரத்தம் செய்கிறது, அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றாள். அவர் யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். நடுவயது ஆண், அது மட்டும் தெரியும். அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்னா சொல்றாங்க? செட் ஆயிடுச்சாமா?”

“ஆயிடுச்சுப்பா. இனிமே அதுவே அங்க இருந்து வேல பாக்கும். சாவற வரிக்கும்.”

அப்பா சட்டையை ஆணியில் மாட்டினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். “அடியே, இங்க வா. நம்ம வூட்ல ஒருத்தர் பர்மனென்ட் ஆயிட்டாங்க.”

அம்மா என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். விஷயம் தெரிந்ததும், “நீ ஆவல, உன் செல்லு ஆயிடுச்சா? அதுக்காவது யூனியன்ல ஆள் இருந்திருக்கும்” என்றாள். அப்பா இதை ஷிப்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இப்போது கேட்டில் நுழையும்போது அவருடைய கூட்டாளிகள் என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள்: “என்னா வெண்ணிலா, பர்மனென்ட் செளக்கியமா?”

செளக்கியம்தான். உனக்கு இன்னொன்று சொல்லவேண்டும், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஏற்றிக்கொண்டவரின் ரத்தப் பிரிவு கொடுத்தவரின் பிரிவாக மாறிவிடுமாம். அவருடைய ரத்தத்தைச் சோதித்தால் அதில் இருப்பது என் அடையாளம். அவர் எந்தச் சாதியோ எனக்குத் தெரியாது. வண்டியில் சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டு போகிறவராகவும் இருக்கலாம், மீசையை முறுக்கிக்கொண்டு மேடையில் பேசுகிறவராகவும் இருக்கலாம். எங்கள் தெருவின் ரத்தத்தை அவருடைய எலும்பு இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறது. அவர் நன்றாக இருக்கட்டும். நூறு வயது இருக்கட்டும். மனதாரச் சொல்கிறேன்.

இதனால் ஸ்டெம் செல் என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார். அவர் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். முதுகுத்தண்டு, முட்டி, சர்க்கரை, பிள்ளைகளின் மூளை வளர்ச்சி, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியாம். வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா என்று கேட்டார்.

“போகாதீங்க அண்ணே. அவன் ஏமாத்தறான்.”

“உன்னுது வேல செஞ்சுதில்ல?”

“ரத்தத்துக்கு வேல செய்யுது. அதுக்கு ரொம்ப வருஷமா செஞ்சுகினு வராங்க. கருவிழி எரிஞ்சுபோனவங்க சில பேருக்கும் பார்வ வருது. முதுகுத்தண்டுக்கு இன்னும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சியில சேத்துக்கறவங்க உங்ககிட்ட காசு கேக்க மாட்டாங்க. கேட்டா அவன் டாக்டர் இல்ல, கடக்காரன்.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரிடம் இருந்த ஒரே நம்பிக்கையை நான் பிடுங்கிவிட்டதுபோல அவர் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார். வீடு விற்கப்படவில்லை. ஒருநாள் அந்த வைத்தியம் உண்மையாகவே வரும் என்று நான் நம்புகிறேன். வரும்போது அது சேகர் அண்ணன் மாதிரி ஆட்களின் வாசலுக்கு வருமா, பிளாக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களோடு நின்றுவிடுமா என்பதுதான் என் சந்தேகம்.

இனி உன் அண்ணன்.

பலாப்பழ சீசனில் ஒருநாள் பண்ருட்டி பஸ் நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். உன் அண்ணன், அண்ணி சுமதி, அவர்களுடைய பெண் குழந்தை. உன் அண்ணன் மாமனாரின் முந்திரித் தொழிலைப் பார்த்துக்கொண்டு பண்ருட்டியிலேயே இருக்கிறார். என்னைக் கண்டதும் பஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தார். அண்ணிதான் கூப்பிட்டார்.

“வெண்ணிலாதான நீ? யாருக்கோ ரத்தத்துலருந்து என்னுமோ எடுத்துக் குடுத்தியாமே. எங்க மாமியார் சொல்லிச்சு. நல்லா இரும்மா. எப்டிம்மா மனசு வந்துச்சு?”

“கலைக்கு அண்ணன் குடுக்க வேண்டியதுதாங்க அது. அவளுக்குக் குடுக்க முடியல, யாருக்கோ குடுத்தேன்.”

“யாரு குடுக்க வேண்டியது?”

அண்ணிக்குத் தெரியாது, கலை. அத்தனை வருஷமும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். பொருந்தியது, டாக்டர் அவசரப்படுத்தியது, தை முகூர்த்தம், எல்லாவற்றையும். “உங்க வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் வேணாம்னுடுவீங்கன்னு தள்ளிப்போட்டாங்க.”

அண்ணி குழந்தையை இறக்கிவிட்டார். உன் அண்ணனைப் பார்த்துத் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

“எங்க வூட்ட யாரு கேட்டது?”

“சுமதி, இங்க வேணாம்.”

“எங்கப்பனக் கேட்டீங்களா? வருசத்துக்கு ரெண்டு வாட்டி ரத்தம் குடுத்துட்டு வந்து பெருமையா சொல்லிக்கினு திரியற ஆளு அவரு. என்னக் கேட்டீங்களா? நிச்சயம் ஆன அன்னிக்கே எங்கிட்ட போன் நம்பர் வாங்கினீங்க இல்ல. தெனம் பேசினீங்க இல்ல. ஒரு நாளு இதக் கேட்டீங்களா?”

“பஸ்ஸு வந்துடுச்சு. ஏறு மொதல்ல.”

பஸ் எதுவும் வரவில்லை. பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்றுதான் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார்கள், அந்தப் பெண் வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவர்களிடம் கேள்வியே போகவில்லை. கேட்டால் கெளரவம் போய்விடும் என்று கேட்காமலேயே பதிலையும் இவர்களே சொல்லிக்கொண்டு, அந்தப் பதிலுக்குப் பயந்து, உன்னைக் காத்திருக்கவைத்தார்கள். எத்தனை வீடுகளில் எத்தனை காரியங்கள் இப்படியே முடிகின்றன, சம்மந்தி?

போன மார்கழியில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொடையாளர் பதிவு முகாம் வைத்தோம். அந்த மாதம் மண்டபம் காலியாகக் கிடக்கும், உரிமையாளர் சும்மாவே கொடுத்துவிட்டார். எங்கள் தெருப் பையன்கள் நாற்காலி போட்டார்கள். கூட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. மதியம் போல சுமதி அண்ணி உள்ளே வந்தார். கூட அவருடைய அப்பா. அவர் வயது தாண்டிவிட்டதால் எடுக்க முடியாது என்றதும் சண்டைக்கு வந்துவிட்டார். “நான் கல்லாட்டம் இருக்கறேன்மா, தட்டிப் பாரு.” அண்ணி அவரை உட்காரவைத்துவிட்டு வரிசையில் நின்றார்.

“நான் யாருக்காச்சும் பொருந்துவேனா?”

“சொல்ல முடியாதுங்க அண்ணி. கடைசி வரைக்கும் கூப்பிடாமலே போகலாம்.”

“போவட்டும். கேட்டா நான் இருக்கணும்.”

அண்ணியின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்தது நான்தான். குச்சியை உறையில் போட்டு அவர் பெயரை எழுதினேன். உன் வீட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டார் கலை. உனக்குப் பிறகு வந்தவர், உன்னோடு பழகியேயிராதவர். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

உன் அண்ணன் வெளியே புங்க மரத்தடியில் பைக்கில் உட்கார்ந்திருந்தார், முன்னால் குழந்தை. நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, உள்ள வாங்க.”

“எனக்கு இனிமே எதுக்கு வெண்ணிலா. அவளே இல்ல.”

“அவளுக்கு இல்லீங்க. இது யாருக்கோ.”

அவர் குழந்தையின் செருப்பு வாரைக் கழற்றி மறுபடி மாட்டினார். நான் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவரைத் தலைமுழுகிவிடலாம் என்றால் முடியவில்லை. உன்னைச் சைக்கிளில் வைத்து டவுன்ஷிப் முழுக்க ஓட்டிக்கொண்டு திரிந்த ஆள். உன்னைக் கொல்ல நினைத்தவர் இல்லை அவர். சும்மா நின்றார், அவ்வளவுதான் செய்தார்.

சம்மந்தி, நான் நன்றாக இருக்கிறேன். உனக்கு இரண்டு சத்தியம் செய்கிறேன். மறுபடி எப்போது கூப்பிட்டாலும், யாருக்கு என்றாலும், நான் போவேன். உன்னைப் பற்றிப் பேசும்போது விதி என்ற சொல்லை இனி யார் சொன்னாலும் உன் அம்மாவுக்காகக்கூட வாயை மூடிக்கொள்ள மாட்டேன்.

ரமேஷ் அண்ணே, கடைசி வரைக்கும் படித்திருப்பீர்கள். உங்களைத் தண்டிக்க எனக்கு ஆசை இல்லை. அழச் சொல்லவில்லை, கும்பிடச் சொல்லவில்லை. அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றீர்கள், டாக்டர் கேட்டார், எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். அவளும் பார்த்தாள். அன்றைக்கு உங்கள் மனதில் என்ன இருந்தது என்று உங்கள் மனைவிக்குத் தெரிய வேண்டும், நாளைக்கு உங்கள் மகளுக்கும் தெரிய வேண்டும். குச்சி என்னிடம்தான் இருக்கிறது. வந்து வாயைத் திறங்க அண்ணே.

உன் சம்மந்தி,
வெண்ணிலா